சீனக்குடா, 1942 ஏப்ரல் 9: ராடார் பார்த்த பிறகும் ஏன் அடி விழுந்தது?

திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் செய்தியில் அடிபடும்போதெல்லாம் கூடவே பழைய கதை ஒன்றும் கிளம்பும்: 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கிய கதை. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோதும் அதுதான் நடந்தது. "யப்பான்காரன் வந்து மோதின குதம்" படம் ஒரு பக்கம் சுற்ற, அதன் கீழே வழக்கமான கேள்வி: வெள்ளைக்காரனிடம் ராடார் இருந்தது, முதல் நாளே தகவலும் வந்தது, பிறகும் எப்படி இத்தனை சேதம்?

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட வேண்டிய இடம் விமானமோ பீரங்கியோ அல்ல. விமானத்தளத்துக்குப் பின்னால் இயங்கும் ஒரு அறை. ஆங்கிலேயர் அதை ஒப்ஸ் ரூம் என்பார்கள், நாம் செயற்பாட்டு அறை என்போம். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் அன்று காலை நடந்தது தானாகவே பிடிபடும்.

முதலில் நான்கு சொற்கள்

ராடார்: வானொலி அலையை அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவி. 1942இல் அதன் திரையில் விமானத்தின் உருவம் எதுவும் தெரியாது. ஒளிக்கோட்டில் ஒரு துடிப்பு எழும், அவ்வளவுதான். தூரம் ஓரளவு துல்லியமாகக் கிடைக்கும். எத்தனை விமானம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் பார்ப்பவரின் அனுபவத்தில் போடும் மதிப்பீடு.

வடிகட்டும் அறை: பல இடங்களிலிருந்து வரும் தகவல்களை ஒப்பிட்டு, ஒரே கூட்டத்தை இரண்டு பேர் இரண்டு தடவை எண்ணிவிட்டார்களா என்று பார்த்துக் கழிக்கும் இடம்.

செயற்பாட்டு அறை: கழித்து மிஞ்சிய தகவலை மேசை வரைபடத்தில் வைத்து, எந்தப் படையணி எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம்.

கட்டுப்பாட்டு அதிகாரி: அந்த முடிவை எடுப்பவர். பறந்துகொண்டிருக்கும் விமானிக்குத் திசையும் உயரமும் சொல்லும் குரல் அவருடையது.

அறைக்குள் என்ன நடக்கும்?

பிரித்தானிய விமானப்படை இந்த முறையை 1940 கோடையில் இங்கிலாந்தின் வானில் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. ஜன்னல் இல்லாத அறை, நடுவில் பெரிய மேசை, அதன்மேல் கட்டம் போட்ட வரைபடம். சுற்றி நிற்பவர்களின் காதில் செவிப்பேசி, கையில் நீளக் கோல். கரம் விளையாட்டில் காயைத் தள்ளுவது போல, தகவல் வர வர அந்தக் கோலால் அடையாளக் கட்டைகளை நகர்த்துவார்கள். மேலே மாடத்தில் கட்டுப்பாட்டு அதிகாரி உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது சுவரில் இருந்த கடிகாரம். அதன் முகம் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி நிறம் பூசப்பட்டிருக்கும். நிமிட முள் மஞ்சளில் நிற்கும்போது வரும் தகவலுக்கு மேசையில் மஞ்சள் அம்பு வைப்பார்கள். முள் நீலத்துக்குப் போன பிறகும் ஒரு அம்பு மஞ்சளாகவே கிடந்தால், அந்தச் செய்திக்கு வயதாகிவிட்டது, அந்த விமானங்கள் இப்போது வேறெங்கோ இருக்கின்றன என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, நிறமே சொல்லிவிடும். கணினி இல்லாத காலத்தில் தகவல் பழசாவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்களே, அதுதான் கெட்டித்தனம்.

சரி, எதிரி விமானம் முதலில் தெரிவதிலிருந்து நம் விமானம் சுடும் தூரத்துக்கு வருவது வரை உள்ள சங்கிலி இப்படி:

1. ராடார் நிலையத்தில் ஒருவர் துடிப்பைக் கண்டு, அது நம் விமானமா எதிரியா என்று யோசிக்க வேண்டும்.
2. தொலைபேசியில் சொல்ல வேண்டும். கம்பி அறுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.
3. வடிகட்டி, மேசையில் வைக்க வேண்டும்.
4. கட்டுப்பாட்டு அதிகாரி நம்ப வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. பொய் எச்சரிக்கைக்கு எல்லாரையும் கிளப்பிவிட்டால், உண்மையான தாக்குதல் வரும் நேரத்தில் விமானங்கள் எரிபொருள் தீர்ந்து தரையில் நிற்கும்.
5. விமானிகள் ஓடிப் போய் ஏறி, கிளப்பி, எதிரிக்கு மேலே உயரம் பிடிக்க வேண்டும். ஒரு ஹரிக்கேன் (அன்றைய பிரித்தானியப் போர் விமானம்) 20,000 அடிக்கு ஏற ஏறத்தாழப் பத்து நிமிடம் வேண்டும்.

ஐந்தில் ஒன்று பிசகினாலும் மற்ற நான்கும் வீண். இந்த அறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. 1940 ஓகஸ்டில் கென்லி விமானத்தளம் குண்டுவீச்சில் நொறுங்கிய பிறகு, அதன் செயற்பாட்டு அறையைத் தூக்கிப் பக்கத்துக் கேட்டரம் ஊரில் ஒரு இறைச்சிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஓடுபாதையில் குழி விழுந்தால் மண் போட்டு நிரப்பிவிடலாம், அறை போனால் தளமே குருடு, அதனால்தான் இந்த அவசரம்.

நான்கு நாள் முன்பு கொழும்பில்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. வைஸ் அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் (அகாகி, ஹிர்யு, சோர்யு, ஷோகாகு, சுய்காகு) இலங்கைக்குத் தெற்கே வந்து நின்றன. பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே படை, கப்பல்களில் ககா மட்டும் இந்தப் பயணத்தில் இல்லை. முந்தின நாள் பின்னேரமே, கொக்கலை வாவியிலிருந்து பறந்த கனடா விமானி லெனார்ட் பேர்ச்சலின் கத்தலீனா வேவு விமானம் அவர்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தது. ஆக, வருகிறார்கள் என்று கொழும்புக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து முடிந்தவரை கப்பல்களை வெளியேற்றியும் விட்டார்கள்.

ஆனால் காலையில் ராடார் எச்சரிக்கை வரவில்லை. சங்கிலியின் முதல் கண்ணியே கழன்றுவிட்டது. ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் ரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையை விட்டு எழும்பின. பிரித்தானியப் போர் விமானங்கள் ஏறத்தாழ இருபது அன்று போயின.

இதில் சீனக்குடாவுக்கும் ஒரு பங்கு உண்டு. திருகோணமலைப் பக்கமிருந்து அன்று காலை ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் கொழும்பை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. டோர்பிடோ தூக்கும், துணி போர்த்திய, மெதுவான இரட்டை இறக்கை விமானங்கள். முன்னால் என்ன நடக்கிறது என்ற எச்சரிக்கை போகாமல், நேராக ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானங்களின் நடுவில் போய்ச் சேர்ந்தன. ஆறும் விழுந்தன. அறைக்குச் செய்தி வந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து சொந்த விமானங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது.

ஏப்ரல் 9, வியாழன் காலை

திருகோணமலையில் கதை வேறு. 8ஆம் திகதி பின்னேரம் இன்னொரு கத்தலீனா நகுமோவின் படையைக் கிழக்கே கண்டது. அன்றிரவே துறைமுகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, விடிவதற்குள் ஏறக்குறைய வெறுமையானது. எரபஸ் என்ற பீரங்கிக் கப்பல், சகாயிங் என்ற சரக்குக் கப்பல் போல ஒரு சிலதான் மிச்சம்.

காலை 7.06. எலிசபெத் முனையில் இருந்த 272ஆம் இலக்க ராடார் நிலையம் 91 மைலுக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 147 கிலோமீற்றரில், ஒரு பெரிய கூட்டத்தைப் பிடித்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டு சுமந்த விமானங்கள் மணிக்கு 260 கிலோமீற்றர் அளவில் வந்தால், கோணேசர் மலைக்கு மேலே வர அரை மணி நேரம் சொச்சம். தகவல் போக, நம்ப, கிளம்ப என்று பத்து நிமிடம் கழித்தாலும் ஹரிக்கேனுக்கு உயரம் பிடிக்க நேரம் இருக்கிறது. உண்மையிலேயே பிடித்தார்கள். சீனக்குடாவின் 261ஆம் படையணி விமானங்களில் சில எதிரிக்கு மேலிருந்தே பாய்ந்தன. கொழும்பில் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு இது.

அப்படியானால் எங்கே பிழை நேர்ந்தது?

1. எண்ணிக்கை. வந்தது 132: குண்டுவீச்சு விமானம் 91, ஸீரோ 41. எதிர்த்து எழும்பியது ஹரிக்கேன் பதினாறு பதினேழு, கூடவே ஆறு ஃபுல்மார். ஒன்றுக்கு ஆறு. எந்த அறையிலிருந்து எவ்வளவு அழகாக வழிகாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

2. விமானம். ஃபுல்மார் இரண்டு பேர் உட்காரும் கனமான கடற்படை விமானம், ஸீரோவிடம் அதன் பாச்சா பலிக்காது. ஹரிக்கேன் பரவாயில்லை. ஆனால் சுழன்று சண்டை பிடிக்கத் தொடங்கினால் ஸீரோ சுலபமாகப் பின்னால் வந்துவிடும். மேலிருந்து ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிட்டு ஓடுவதுதான் புத்தி, ஆனால் தன் தளம் கீழே எரியும்போது ஓடு என்று விமானியிடம் யார் சொல்வது?

3. நகர முடியாதவை. எச்சரிக்கை வந்தால் கப்பல் நகரும், விமானம் எழும்பும். ஓடுபாதை, கொட்டகை, துறைமுகப் பட்டறை, எண்ணெய்க் குதம் எங்கே போகும்? அவை நின்ற இடத்திலேயே அடி வாங்கின.

எட்டு ஹரிக்கேன்கள் போயின. ஏறத்தாழ பாதி. எச்சரிக்கை கிடைக்காத கொழும்பிலும் ஏறத்தாழ பாதிதான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு "ராடாரால் ஒரு பிரயோசனமும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள் சிலர். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. முதல் நாள் தகவல் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற வைத்தது. காலைத் தகவல் விமானங்கள் தரையிலேயே எரியாமல் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் வேண்டியது இன்னும் இரண்டு மூன்று படையணிகள், அவை இலங்கையில் இல்லை. அறை தன் வேலையைச் செய்தது, மேசையில் தள்ளுவதற்குத்தான் கட்டைகள் போதவில்லை.

அதே காலையில் இன்னொரு கத்தலீனாவும் ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே, 7.16 மணிக்கு, அதன் குரல் நின்றுவிட்டது.

ஹெர்மிஸ்: அறையின் கைக்கு எட்டாத கப்பல்

இரவில் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன கப்பல்களில் ஒன்று ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அதில் விமானம் இல்லை. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது, அவை ஸீரோவோடு சண்டை போடும் ரகம் இல்லை. கூடவே வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரி.

காலை 7.55க்கு ஒரு ஜப்பானிய வேவு விமானம் இவர்களைக் கண்டுவிட்டது. ஒன்பது மணியளவில், திருகோணமலைக்கே திரும்பி வாருங்கள், சீனக்குடாவின் பாதுகாப்புக் குடைக்குள் வந்துவிடுங்கள் என்று கட்டளை. படிக்கும்போதே வயிறு கலங்கும் இடம் இது, ஏனென்றால் அந்த நேரத்தில் சீனக்குடாவில் குடை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தளம் இப்போதுதான் அடி வாங்கியிருக்கிறது, விமானங்களில் பாதி இல்லை.

10.35க்கு, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் 85 டைவ் குண்டுவீச்சு விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸைப் பிடித்தன. இருபது நிமிடத்தில் கப்பல் தண்ணீருக்குள். 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் மூழ்கியது. ரத்மலானையிலிருந்து தீவைக் குறுக்கறுத்துப் பறந்த ஃபுல்மார்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் இல்லை. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுக்க முடிந்தது.

முதன்முதல் கண்டதிலிருந்து முதல் குண்டு வரை இரண்டு மணி நாற்பது நிமிடம். காலையில் ராடார் கொடுத்த அரை மணியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அவகாசம்! தகவலும் இருந்தது, நேரமும் இருந்தது. அனுப்ப விமானம் இல்லை, இருந்த விமானங்களோ தீவின் மறு கரையில் நின்றன.

மறுபக்கத்தில் காது இல்லை

இதைப் பலர் கவனிப்பதில்லை. இவ்வளவு பெரிய ஜப்பானியப் படையிடம் அந்தக் கட்டத்தில் ராடார் கிடையாது. கண்ணும் தொலைநோக்கியும்தான்.

அதே 9ஆம் திகதி காலை, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலைத் தளமாக்கிக்கொண்டிருந்த 11ஆம் படையணியின் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போய்ப் பிடித்தன. குண்டுகள் பக்கத்தில் தண்ணீரில் விழுந்து வெடித்தபோதுதான் ஆகாயத்தில் ஆள் இருப்பதே அகாகியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஒன்றும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஆனால் உலகத்தின் மிகப் பலமான விமானந்தாங்கிப் படையின் தலைமேல் எச்சரிக்கை இல்லாமல் வந்து நிற்கலாம் என்பது தெரிந்துபோனது.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4இல், பசிபிக்கின் மிட்வே கடற்சமரில் அமெரிக்க டைவ் குண்டுவீச்சாளர்கள் இதே வழியில்தான் வந்தார்கள். திருகோணமலைக்கு வந்த ஐந்தில் மூன்று (அகாகி, சோர்யு, ஹிர்யு) அங்கே போயின, ககாவும் கூடவே.

91ஆம் குதம்: கமிகாசியா?

இனிப் படத்துக்கு வருவோம். சீனக்குடா மேட்டில் காட்டுக்குள் நிற்கும் குதங்கள் 1920களில் தொடங்கி பிரித்தானியர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அவற்றில் 91ஆம் இலக்கக் குதத்தில்தான் அன்று ஒரு ஜப்பானிய விமானம் விழுந்தது. தடித்த இரும்புத் தகடு வெயிலில் வாடிய வாழையிலை போல மடிந்து தொங்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏழு நாள் எரிந்ததாக ஊரில் சொல்வார்கள்.

மோதியது தற்கொலைத் தாக்குதல் என்பதுதான் பிரபலக் கதை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்:

1. கமிகாசி என்ற பெயரோடு, திட்டமிட்டு, தனிப் படையணியாக அது தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பீன்ஸில். திருகோணமலைத் தாக்குதலுக்கு இரண்டரை வருடத்துக்குப் பிறகு.
2. 1942இல் ஜப்பான் வென்றுகொண்டிருந்தது. பயிற்சி பெற்ற விமானியை வேண்டுமென்றே இழக்கும் தேவை அதற்கு அன்று இல்லை.
3. ஆனால் சூடு பட்டு, இனிக் கப்பலுக்குத் திரும்ப முடியாது என்று தெரிந்த விமானி கீழே ஏதாவது இலக்கைப் பார்த்துத் திருப்புவது எல்லாப் படைகளிலும் நடந்தது.

ஆகவே "கமிகாசி" என்ற சொல் இங்கே பொருந்தாது. சுடப்பட்டதால் விழுந்ததா, விழும்போது திருப்பப்பட்டதா என்பது அந்த விமானத்துக்குள் இருந்தவர்களோடு போய்விட்டது.

இரண்டு வருடத்தில் தலைகீழ்

அடி வாங்கிய பிறகு பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி கென்யாவின் கிலிண்டினிக்கு ஒதுங்கியது. 1944இல் காற்று மாறியது. ஏப்ரலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்ட்ரியஸ், அமெரிக்கக் கப்பலான சரட்டோகா இரண்டும் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கின. சீனக்குடா ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். எதற்கு? பி-29 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானத்துக்கு. ஓகஸ்ட் 10ஆம் திகதி அமெரிக்காவின் பி-29 விமானங்கள் 54 இங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு பலம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிக் கிளம்பின. போய்வர 6,000 கிலோமீற்றருக்கு மேல். சேதம் பெரிதாக இல்லை, அதனால் இங்கிருந்து இரண்டாவது தடவை போகவில்லை.

செயற்பாட்டு அறையின் வேலை இதனால் முற்றாக மாறியது. 1942இல் அதன் கேள்வி "எத்தனை பேர், எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள்?" 1944இல் "எத்தனை கலன் எரிபொருள், எந்த வானிலை, யார் இன்னும் திரும்பவில்லை?"

இப்போது

1957இல் பிரித்தானியர் தளங்களை ஒப்படைத்தார்கள். சீனக்குடா இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி, நினைத்தபடி உள்ளே போய்ப் பார்க்க முடியாது. சகாயிங் கப்பலை 2018இல் கடற்படை துறைமுகத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, பிறகு வேறிடத்தில் ஆழ்கடலில் இறக்கியது. ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றர் சொச்சம் ஆழத்தில் கிடக்கிறது.

குதங்களின் கணக்கு அடிக்கடி குழப்பப்படுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 14, இரண்டும் சேர்ந்து தொடங்கிய கம்பனிக்கு 61, அதில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்தின் கையில். கூட்டினால் 99.